எக்குமெனிக்கல் என்பது சர்வமதம் அன்று

புதுச்சேரியிலும் கடலூரிலும் சில கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் சனவரி மாதத்தில் 'சர்வமதப் பிரார்த்தனைக் கூட்டம்' என்ற தொடரை மீண்டும் மீண்டும் பார்க்க நேர்கிறது. ஆங்கில அறிவிப்பில் அதே கூட்டத்துக்கு, பிரிந்த கிறிஸ்தவத் திருச்சபைகள் ஒன்றுசேர்வதைக் குறிக்கும் 'எக்குமெனிக்கல்' என்ற அடைமொழி இருக்கும். சனவரி 18 முதல் 25 வரை இங்கும் உலகின் பல நாடுகளிலும் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையார், ஆற்காடு லுத்தரன் திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என்று பிரிந்து கிடக்கும் மாணவர்கள் ஒரே இடத்தில் கூடித் தங்கள் பிளவுகளுக்காக வருந்தி வேண்டிக்கொள்ளும் வாரம் அது. பலகையை நம்பி வந்த இந்து, முஸ்லிம் மாணவர்கள், திருச்சபைப் பிரிவினை பற்றிய மன்றாட்டுகளுக்கு நடுவே, தங்களை எதற்காக அழைத்தார்கள் என்று விளங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பிழைக்கு அவர்களோ கூட்டத்தை நடத்தியவர்களோ பொறுப்பல்லர், மொழிபெயர்த்தவரே பொறுப்பு.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஒய்கோஸ்' என்றால் வீடு. அதிலிருந்து பிறந்த 'ஒய்கூமெனே' என்றால் மக்கள் குடியிருக்கும் உலகு. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் உலகமெங்கும் குடிமதிப்பு எழுத அகுஸ்துராயன் கட்டளையிட்டதாக வரும் இடத்தில், 'உலகம்' என்பதற்கு மூலத்தில் நிற்பது இச்சொல்லே. 325இல் நிசேயாவில் கூடியது போன்ற, திருச்சபை முழுமைக்குமான பொதுச்சங்கங்களுக்கு இது அடைமொழியாயிற்று. பிரிந்த திருச்சபைகளை ஒன்றுசேர்க்கும் முயற்சி என்ற இன்றைய பொருள் பிந்தியது. அது வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

அந்தப் பொருளை வளர்த்தவர்களில் மாணவர் இயக்கத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், கல்லூரிகளிலேயே சொல் திரிந்து வழங்குவது கூடுதலாக வருத்துகிறது. 1895இல் சுவீடனில் உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களுள் முதன்மையான ஜான் மோட்தான் 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மறைப்பணி மாநாட்டுக்கும் தலைமை வகித்தார். அம்மாநாட்டில், நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா, மேலைநாட்டு ஊழியர்களைப் பார்த்து 'எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்' என்று கேட்டார். ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையாரும் 1947 செப்டம்பர் 27 அன்று இணைந்து சி.எஸ்.ஐ. ஆனார்கள். எக்குமெனிக்கல் என்ற சொல்லின் பொருளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை: பிரிந்த உடன்பிறப்புகள் ஒரு வீட்டுக்குள் திரும்பக் கூடுவது.

'சர்வமதம்' என்ற மொழிபெயர்ப்பு இந்த வீட்டின் சுவரையே எடுத்துவிடுகிறது. 'சர்வ' என்பது வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதை மறுக்கவில்லை, மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணமே என்றாலும். மூன்று சமயத்தார் கூடினாலும் 'எல்லாம்' என்று உரிமை கொண்டாடும் மிகை அதில் இருக்கிறது; பெயரெச்சம்போல முன்னே ஒட்டிக்கொண்டு, பின்னே வரும் பிரார்த்தனை எல்லா மதங்களுக்கும் பொதுவான ஒரே பிரார்த்தனை என்ற மயக்கத்தையும் அது உண்டாக்குகிறது. இந்த மயக்கத்துக்குப் பலியாகிறவர்களில் கிறிஸ்தவ மாணவர்களும் உண்டு. ஊரில் இருக்கும் பெற்றோர் அறிவிப்பைக் கேள்விப்பட்டு, தம் பிள்ளை விசுவாசத்தை விட்டுக்கொடுத்துவிட்டானோ என்று அஞ்சி, எந்தக் கூட்டத்துக்கும் போகாதே என்கிறார்கள். பிற சமயத்தாரோடு பேசிப் பழக விரும்பும் மாணவன் அதனால் தன் திருச்சபை வழிபாட்டையும் இழக்கிறான், நண்பர்களோடு நடக்க வேண்டிய உரையாடலையும் இழக்கிறான்.

சீர்திருத்தத் (புரொட்டஸ்டன்ட்) திருச்சபையார் 'ஐக்கிய ஆராதனை' என்கிறார்கள். அவர்களுக்குள் அது தெளிவான சொல். 'ஐக்கியம்' என்றால் அங்கே கூடி உறவாடுதல். ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் வெகுதொலைவு இல்லை. அங்கே தீயில் இறங்கி நந்தனார் இறைவனோடு ஐக்கியமானார் என்று கேட்டு வளர்ந்த மாணவனின் காதில் அச்சொல் இரண்டறக் கலத்தலையே குறிக்கும். அவனையும் வாசகனாகக் கொண்ட பொது அறிவிப்பில் அதைப் பயன்படுத்துவது சரியில்லை.

இன்னும் சிலர் 'சமய சமரசம்' என்கிறார்கள். இம்மண்ணில் அச்சொல்லுக்குத் தனிப் பெருமை உண்டு. வள்ளலார் 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவி, 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். ஆனால் சமயம், மதம் என்ற வேலிகளையே கடந்து போகச் சொன்ன அவருடைய சமரசம் வேறு, தன் திருச்சபையில் ஊன்றி நின்றுகொண்டே மற்றத் திருச்சபையாரைத் தழுவும் எக்குமெனிக்கல் வேறு. அவருடைய உயர்ந்த சொல்லை எடுத்து இதற்கு ஒட்டினால் இரண்டுக்குமே நியாயம் செய்தவர் ஆகோம். போதாக்குறைக்கு, இன்று 'சமரசம் செய்துகொண்டான்' என்றால் கொள்கையை விட்டு இறங்கி வந்தான் என்றே பொருள்படுகிறது. நூறாண்டுக்கு மேல் ஒளியோடு இருந்த சொல்லை அரசியல் மேடைகள் இப்படித் தேய்த்துவிட்டது பெரிய இழப்பு.

தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாக வழங்கிவரும் 'கிறிஸ்தவ ஒன்றிப்பு' என்பதே பொருத்தமானது. 'கிறிஸ்தவ' என்ற அடை எல்லையைச் சொல்லிவிடுகிறது. 'ஒன்றிப்பு' முயற்சியைச் சொல்லிவிடுகிறது. வழிபாட்டைக் குறிக்க மட்டும் 'பல்சபை வழிபாடு' என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. விடுதியில் புதிதாக வந்த கிறிஸ்தவ மாணவனிடம் மற்றவன் கேட்கும் முதல் கேள்வியே 'நீங்க எந்த சபை?' என்பதுதான்; ஆகவே அச்சொல் ஏற்கெனவே மாணவர் வாயில் இருக்கிறது. சபை என்றால் நடராசர் சபையும் உண்டே என்பார்கள். 'கிறிஸ்தவப் பல்சபை வழிபாடு' என்று முழுதாக எழுதிவிட்டால் அந்த ஐயம் தீரும்.

பிற சமயத்தாரோடு கூடுவதற்கு உரிய சொல் 'பல்சமய உரையாடல்'. இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பதற்குத் திருச்சபை வரலாறே துணை நிற்கிறது. கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செயலகத்தை வத்திக்கான் 1960இல் அமைத்தது. கிறிஸ்தவரல்லாதோருக்கான செயலகத்தை 1964இல் தனியாக அமைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஒன்றிப்பைப் பற்றி 1964 நவம்பரில் ஓர் ஏட்டையும், பிற சமயங்களைப் பற்றி 1965 அக்டோபரில் வேறோர் ஏட்டையும் வெளியிட்டது. பிந்திய ஏடு, பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவை எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. இவ்வளவு விரிந்த கை நீட்டலைச் சொல்வதற்கு ஒன்றிப்பு என்ற சொல்லைக் கடன் வாங்கத் தேவையே இல்லை.

1986 அக்டோபர் 27 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இத்தாலியின் அசிசியில் பல சமயத் தலைவர்களைக் கூட்டியபோது, ஒன்றாகச் செபிப்பது அன்று, செபிப்பதற்காக ஒன்றாகக் கூடுவதே நோக்கம் என்று வேறுபடுத்திக் காட்டினார்கள். சனவரி வாரம் முடிந்த சில நாட்களிலேயே, பிப்ரவரி முதல் வாரத்தில், ஐ.நா. 2010இல் அறிவித்த உலகச் சமய நல்லிணக்க வாரம் வருகிறது. கல்லூரிகளில் இரண்டையும் ஒரே அறிவிப்பில் அடைப்பவர்கள், முதலாவதற்குக் 'கிறிஸ்தவப் பல்சபை வழிபாடு' என்றும், இரண்டாவதற்கு 'அவரவர் மரபில் வேண்டிக்கொள்ளும் பல்சமயக் கூடல்' என்றும் தனித்தனியே அச்சிடட்டும்; இரண்டாம் அறிவிப்பில் எந்தச் சமயத்தார் எப்போது வேண்டிக்கொள்வார்கள் என்ற வரிசையையும் சேர்த்து எழுதட்டும்.