டர்போவைத் தாங்கும் எண்ணெய்ப் படலம்

டர்போ பொருத்திய காரை முதன்முறையாக வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், வண்டியை நிறுத்தியதும் என்ஜினை அணைக்காமல் 2 நிமிடம் ஓடவிட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்களே, அதில் அறிவியல் உண்டா, இல்லை வெறும் ஐதீகமா என்று கேட்டிருக்கிறார். அறிவியல் உண்டு. ஆனால் அது எப்போது பொருந்தும் என்பதை அறிய, டர்போவின் நடுவிலிருக்கும் ஒரு சிறு வளையத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

டர்போவின் அடிப்படை எளியது. என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கிறது; காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம் என்பதால் சிறிய என்ஜின் பெரிய என்ஜினின் வேலையைச் செய்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ஆம் ஆண்டிலேயே இந்தக் கருத்துக்குக் காப்புரிமை கோரினார்.

வியப்பு அந்தத் தண்டின் வேகத்தில் இருக்கிறது. சிறிய கார்களின் டர்போ, முழுப் பளுவில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளை எட்டக்கூடும். 4.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 470 மீட்டர் நகரும். காற்றில் ஒலி செல்லும் வேகமோ ஏறத்தாழ 340 மீட்டர்தான். இத்தகைய தண்டை எதன்மேல் நிறுத்துவது? சில டர்போக்களில் பால் பேரிங் உண்டு என்றாலும், பெரும்பாலான கார்களில் தண்டைத் தாங்கும் பேரிங்காக இருப்பது புஷ் எனப்படும், துளைகளிட்ட ஓர் உலோக வளையம் மட்டுமே. அது தண்டையும் இறுகப் பற்றுவதில்லை, வெளிக்கூட்டிலும் இறுகப் பொருந்துவதில்லை. இரு பக்கங்களிலும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே உள்ள இடைவெளியில் என்ஜின் ஆயில் நிறைந்திருக்க, அந்தப் புஷ் எண்ணெயில் மிதக்கிறது.

ஆயில் பம்ப் இங்கே எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவே. தண்டைத் தாங்கும் அழுத்தத்தைத் தண்டே உண்டாக்கிக்கொள்கிறது: சற்றே ஒரு பக்கம் ஒதுங்கிச் சுழலும்போது, அகன்ற இடைவெளியிலிருந்து குறுகிய இடைவெளிக்கு எண்ணெயை இழுத்துச் செல்கிறது, குறுகிய இடத்தில் நெருக்கப்பட்ட எண்ணெய் தண்டைத் திருப்பித் தள்ளுகிறது. எனவே ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. எடை குறைந்து வேகம் மிகுந்த தண்டைச் சுற்றி எண்ணெயும் ஏறத்தாழப் பாதி வேகத்தில் சுழல்வதால், அது தண்டை மையத்திலிருந்து விலக்கி வட்டமடிக்க வைக்கப் பார்க்கிறது. புஷ்ஷுக்கு வெளியே இரண்டாவது படலம் இருப்பது இதற்காகத்தான். உட்படலம் புஷ்ஷை இழுக்க, வெளிப்படலம் தடுக்க, புஷ் தண்டின் வேகத்தில் ஒரு பங்கு வேகத்தில் தானும் சுழல்கிறது. வெளிப்படலம் தண்டின் ஆட்டத்தை உறிஞ்சி அடக்குகிறது. நகரும் பாகங்களின் எண்ணிக்கையைக் கூட்டி அமைதியைப் பெற்ற இந்த உபாயத்தை, என்ஜினுக்குள் இருக்கும் எந்த நுட்பத்தையும்விட அழகானதாகவே நான் கருதுகிறேன்.

இனி வாசகரின் கேள்விக்கு வரலாம். பெட்ரோல் என்ஜினில் டர்பைன் பக்கத்துப் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். ஓடும்வரை அந்த வெப்பத்தை எண்ணெய் அள்ளிச் சென்றுவிடும். என்ஜினை அணைத்ததும் பம்ப் நிற்கிறது, டர்பைன் கூட்டில் தேங்கிய வெப்பம் தண்டு வழியாகப் பேரிங்கை நோக்கி நகர்கிறது. ஆகவே பேரிங் மிக அதிகமாகச் சூடாவது வண்டி நின்ற பிறகுதான். அங்கே நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகப் படிந்து, துளைகளை மெல்ல அடைக்கிறது. 2 நிமிட விதி இதிலிருந்து பிறந்தது. பின்னர் பேரிங் கூட்டைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் அமைப்பு பரவலாகி, என்ஜின் நின்றபின்னும் வெப்பச்சலனத்தாலோ தனி மின்பம்பாலோ வெப்பம் வெளியேற வழி ஏற்பட்டது. காரணம் பெரிதும் தீர்ந்தபின்னும் விதியை மட்டும் எந்த வண்டிக்கும் எந்த நேரத்துக்கும் ஓதுவதை ஐதீகம் என்றே சொல்வேன். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டியோ, நீண்ட மேட்டில் பளுவுடன் ஏறியோ உடனே நிறுத்த நேர்ந்தால் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது நல்லது. கடைசிச் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டி வந்திருந்தால் டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும். அதன்பின் காத்திருப்பது எரிபொருளுக்கு மட்டுமே செலவு.

புதிய உரிமையாளர் கவலைப்பட வேண்டியது இன்னும் அதிகமாகக் காலை வேளையைப் பற்றித்தான். குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தபின்னும் எண்ணெய் முழுச்சூட்டை எட்டச் சற்று நேரமாகும். ஸ்டார்ட் செய்து நின்ற இடத்தில் நெடுநேரம் உறுமவிடுவதைவிட, உடனே கிளம்பி முதல் சில கிலோமீட்டர்களில் ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதிப்பதே சரி. கையேட்டில் குறிப்பிட்ட தரத்திலான ஆயிலை, கிலோமீட்டர் கணக்கு எட்டாவிட்டாலும் மாதக் கணக்கு முடிந்தால் மாற்றிவிட வேண்டும்; குறுந்தொலைவுப் பயணங்களில் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து படலத்தை நீர்க்கச் செய்கிறது. கடையில் விற்கும் கூடுதல் திரவப் புட்டிகளுக்குக் கொடுக்கும் பணத்தை, ஆயிலைச் சற்று முன்னதாகவே மாற்றச் செலவிடலாம். ஏர் ஃபில்டரையும் மறக்கக் கூடாது, ஏனெனில் ஒலியை மிஞ்சும் வேகத்தில் சுழலும் அலுமினியச் சக்கரத்தைத் தூசி அரித்துவிடும். நீலப்புகை வந்தாலோ, வழக்கமான விசில் ஒலி கீச்சிடலாக மாறினாலோ, அடுத்த சர்வீஸ் வரை காத்திராமல் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.