ஜெட் சான்றிதழ்: வெண்கலத்தோடு நின்றுவிடாதீர்கள்

பெரிய நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் கவனிக்கக் காரணங்கள் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பார், பங்குச்சந்தை விதி கேட்கும். பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையை யார் கேட்கப்போகிறார்கள்? அங்கே கரன்ட் பில் குறைந்தால், வங்கிக் கடன் கொஞ்சம் சுலபமானால்தான் முதலாளி திரும்பிப் பார்ப்பார். அதில் தப்பும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் ஒன்றிய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் ஜெட் (ZED) சான்றிதழ்.

பொருளில் குறை இருக்கக் கூடாது, அதைச் செய்வதால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பும் வரக் கூடாது. ‘ஜீரோ டிஃபெக்ட், ஜீரோ எஃபெக்ட்’ என்பதன் சுருக்கமான அந்தப் பெயரின் பொருள் இதுதான். பிரதமர் மோடி 2014 சுதந்திர தின உரையில் சொன்ன முழக்கம் இது. திட்டம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது 2022 ஏப்ரலில்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான ஒன்றிய அரசின் இணையப் பதிவு, உள்ள உற்பத்தித் தொழில்கள் சேரலாம். முதலில் இணையத்தில் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அப்புறம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம். படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்பதில்லை, தகுதி இருந்தால் நேரே வெள்ளிக்கே போகலாம்.

கட்டணம் வெண்கலத்துக்கு 10,000 ரூபாய், வெள்ளிக்கு 40,000, தங்கத்துக்கு 90,000. பயந்துவிடாதீர்கள், இதில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதம், சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீதம் மானியம். குறுந்தொழில் என்றால் வெள்ளிக்குக் கையிலிருந்து 8,000 ரூபாய்தான். உறுதிமொழி எடுத்தவர்களுக்கு 10,000 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு, அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 2023 நவம்பரிலிருந்து கட்டணம் முழுவதையும் அரசே ஏற்கிறது.

நிறையப் பேர் வெண்கலம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். வெண்கலத்தில் பார்ப்பது ஐந்தே விஷயங்கள்: தலைமை, பணியிடச் சுத்தம், பாதுகாப்பு, குறித்த நேரத்தில் டெலிவரி, தரம். எல்லாம் தேவையானவைதான். ஆனால் மின்சாரச் சிக்கனமும் சுற்றுச்சூழல் மேலாண்மையும் வெள்ளியில்தான் வருகின்றன. இயற்கை வளப் பாதுகாப்பு தங்கத்தில் வருகிறது. பசுமை என்ற பேச்சே வெள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது.

அதனால் என்ன லாபம் என்று கேட்டால், ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். சாயங்காலம் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டுப் பட்டறைக்குள் நில்லுங்கள். எங்காவது ‘புஸ்’ என்று சத்தம் கேட்கும். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும், வால்வு வாய் தேய்ந்திருக்கும். காற்றைப் பயன்படுத்தும் மெஷின் ஒன்றுகூட ஓடவில்லை, ஆனாலும் கம்ப்ரசர் நின்று நின்று திரும்ப ஓடும். அத்தனையும் மாசக் கடைசியில் பில்லில் ஏறுகிற யூனிட்டுகள். வெள்ளிக்காக மின்சாரக் கணக்கு எழுத உட்காரும்போது இந்த மாதிரி ஓட்டைகள் கண்ணில் படும். கீழே சிந்துகிற கூலன்ட் (மெஷினில் வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) எங்கே போகிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

சான்றிதழோடு இன்னும் சில சலுகைகள் உண்டு. பொருள் சோதனை, தரச் சான்று ஆகியவற்றுக்கான செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆலோசனைக்கும் வழிகாட்டுதலுக்கும் 5 லட்சம் ரூபாய் வரை திட்டத்தில் இடம் இருக்கிறது. சில வங்கிகள் கடனுக்கான கட்டணத்தில் சலுகை தருகின்றன. மேனேஜரிடம் நீங்களாகவே கேளுங்கள், அவராக எடுத்துச் சொல்வது அபூர்வம்.

விண்ணப்பிக்கும் முன் உத்யம் பதிவைத் திறந்து, உங்கள் தொழில் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள், மானிய விகிதம் அதைப் பொறுத்துத்தான். 2025 ஏப்ரலிலிருந்து வரம்புகள் மாறியிருக்கின்றன: முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். முன்பு சிறுதொழிலாக இருந்தவர்கள் சிலர் இப்போது 80 சதவீத மானியத்துக்குள் வந்திருக்கக்கூடும். இதையும் மானியத்தின் இன்றைய நிலவரத்தையும் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் செல்லுபடியாவது மூன்று ஆண்டுகள்.