நோட்டில் எழுதாத கடன்

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து சபையார் கிளம்பிய பிறகு, ஆலயத்தின் பின்னறையில் ஒரு மணி நேரம் உட்காருவேன். முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை, அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். ஓய்வு பெற்றதும் எங்கள் சபைப் போதகரான ஐயரவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று, கடனில் தவிக்கிற குடும்பங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கால்குலேட்டர், ஒரு வேதாகமம். அவ்வளவுதான் என் அலுவலகம்.

வருகிறவர்கள் முதலில் சொல்லும் தொகை சரியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பொய் சொல்வதில்லை, மொத்தமாகக் கூட்டிப் பார்க்கத் தைரியம் வந்திருக்காது. போன வருடம் ஒரு கணவன் மனைவி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). "மூன்றரை லட்சம் இருக்கும் அண்ணாச்சி" என்றார் அவர். சரி, ஒவ்வொன்றாக எழுதுவோம் என்று நோட்டைத் திறந்தேன். தனிநபர் கடன் பாக்கி 2,40,000. நகைக் கடன் 1,80,000. கிரெடிட் கார்டு 1,20,000. கூட வேலை பார்ப்பவரிடம் கைமாற்று 30,000. அடுத்த வரிக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. வெளியில் ஒரு லட்சம், அஞ்சு வட்டி.

மனைவிக்கு அது அன்றுதான் தெரியும். அந்தத் தங்கச்சி அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, கீழே தன் கையால் ஒரு வரி எழுதினாள். மகளிர் குழுக் கடன், 45,000, வாரத் தவணை. அது கணவனுக்குத் தெரியாது. மொத்தம் 7,15,000. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மனம் நோகக்கூடாது என்றே மறைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் செய்துகொண்டு, ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கடன் என்றதும் நம் சபைகளில் எல்லாரும் சொல்லும் வசனம் நீதிமொழிகள் 22:7. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை." உண்மைதான். ஆனால் ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் அதை மட்டும் சொன்னால் தலை இன்னும் குனியும். நான் திறப்பது இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருடைய விதவை எலிசாவிடம் வருகிறாள். கணவன் கர்த்தருக்குப் பயந்தவன், ஆனாலும் கடன் வைத்துவிட்டு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசா அவளைக் கடிந்துகொள்ளவில்லை, ஏன் வாங்கினீர்கள் என்று கேட்கவும் இல்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்கிறார். ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது. அண்டை வீடுகளில் போய் வெறும் பாத்திரங்கள் கேட்டு வாங்கச் சொல்கிறார். அப்படிக் கேட்டால் அவளுடைய நிலைமை தெருவுக்கே தெரிந்துவிடும். எண்ணெய் நிறைந்த பிறகு சொன்ன வரிசையையும் பாருங்கள்: எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்க்க வேண்டும், மீந்ததில்தான் ஜீவனம்.

அற்புதம் கர்த்தருடையது. வீட்டில் இருப்பதைச் சொல்வதும், கூச்சத்தை விட்டு வாசல்களைத் தட்டுவதும், விற்று அடைப்பதும் அவள் செய்தது. கடன் தீர விசேஷ ஜெபத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் இந்தப் பாதியையும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தம்பதியிடம் அதே கேள்வியைத்தான் கேட்டேன். பீரோவில் இரண்டு வளையல்கள் இருந்தன, அவளுடைய அம்மா போட்டது. அடகு வைக்கக் கூட மனம் வராமல் வைத்திருந்தாள். விற்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் கணக்கைக் காட்டினேன். ஒரு லட்சத்துக்கு அஞ்சு வட்டி என்றால் மாதம் 5,000, வருடத்துக்கு 60 சதவீதம். பதினான்கு மாதமாகக் கட்டியது 70,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வளையல் பீரோவில் இருக்கிற ஒவ்வொரு மாதமும் 5,000 ரூபாய் வெளியே போகிறது. இரண்டு வாரம் கழித்து விற்றார்கள். வெளிக்கடன் அடைந்தது, மீந்தது கார்டுக்குப் போனது. வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த 5,000 அடுத்த மாதத்திலிருந்து கார்டுக்குத் திரும்பியது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். சின்னதை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வட்டி அதிகமானதும், வாசலில் வந்து மானத்தை வாங்குவதும் முதலில் போக வேண்டும் என்பதே என் அனுபவம். அடுத்தது கார்டு. ஒரு லட்சம் பாக்கிக்கு மூன்றரை சதவீத மாத வட்டி என்றால் 3,500. குறைந்தபட்சத் தொகை என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது 1,500தான், வரி வேறு. கார்டு பில்லில் அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை நம் பிரசங்கங்களில் எருசலேமின் அலங்கம் (மதில்) கட்டிய கதைக்குள் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பஞ்சத்தில் ஜனங்கள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்கள். கடன் கொடுத்தவர்களும் அதே ஜனங்கள்தான். நெகேமியாவுக்குக் கோபம் மூள்கிறது. அவர் விட்டுவிடச் சொன்ன வட்டி நூற்றுக்கு ஒன்று. மாதக் கணக்கு என்று பலர் கொள்கிறார்கள், அதாவது நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி. நம் சபையிலேயே மூன்று வட்டிக்கும் அஞ்சு வட்டிக்கும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம்மோடு திருவிருந்தில் பங்கெடுக்கிறவர்கள். அவர்களை வெறுத்து எழுதவில்லை, அந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன்.

உபாகமம் 24இல் இன்னொரு கட்டளை இருக்கிறது. அடகு வாங்கப் போனவன் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனுடைய வாசலுக்கும் மானம் உண்டு. இன்றைய சட்டமும் ஓரளவு அதைச் சொல்கிறது. வங்கியின் வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றுக்கு 2003ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். போனில் ஆப் மூலம் வாங்கிய கடனுக்காகப் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இதை வாசிக்கிற உங்களுக்கு இனி வழியில்லை என்ற எண்ணம் வந்திருந்தால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநல உதவிக்கான 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கடனுக்கு எப்போதும் ஒரு கணக்கு உண்டு. உங்களுக்குப் பதில் உங்கள் பிள்ளைகளுக்கு வேறு ஆள் இல்லை.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையான தசமபாகத்தை நிறுத்தலாமா என்று அந்தக் கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டார். இதில் ஊழியர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, நான் தீர்ப்புச் சொல்கிற ஆளும் இல்லை. ஆனால் கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைப் பெருமைக்காக ஆயிரக்கணக்கில் எடுத்துவிட்டு, கைமாற்று கொடுத்தவரைப் பார்த்தால் வேறு வாசல் வழியாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் ஆண்டவர். கொடுக்க வேண்டிய பணமும் ஒரு குறைதானே? பணம் இல்லாவிட்டாலும் போய், இந்த மாதம் இவ்வளவுதான் முடியும் என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜாமீன் பற்றி ஒரு வார்த்தை. "சும்மா ஒரு கையெழுத்து, பிரதர்" என்பதை நம்பிப் போட்டவர்கள் என் மேஜைக்கு முன்னால் எத்தனையோ பேர் கலங்கி நின்றார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கினவரின் பொறுப்புக்குச் சமம். வங்கி முதலில் கடன் வாங்கினவரைத்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம், பிணைப்பட்டவன் தூங்காமல் போய்த் தன்னைத் தப்புவித்துக்கொள்ளச் சொல்கிறது, வேடன் கைக்குத் தப்பும் குருவியைப் போல.

கடனை அடைக்கும் நாளில் ஒரு கவனம் வேண்டும். புரோநோட்டையும் கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகளையும் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வங்கிக் கடன் என்றால் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். தள்ளுபடி பேசி முடித்தால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது "முடிந்தது" என்று வராது, "செட்டில் ஆனது" என்றே வரும். பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

அந்தத் தம்பதி இப்போதும் மாதக் கடைசி ஞாயிறு வருகிறார்கள். நோட்டு அந்தத் தங்கச்சியிடம் இருக்கிறது. ஏழு லட்சத்துப் பதினைந்தாயிரம் போன மாதம் நாலு லட்சத்து அறுபதாயிரத்தில் நின்றது. வெளிக்கடன், குழுக் கடன், கைமாற்று மூன்றும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருக்கின்றன. நீங்களும் வரலாம், எந்தச் சபையாக இருந்தாலும் சரி. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வாருங்கள், வருவதற்கு முந்தின இரவு இருவரும் ஒரே தாளில் எழுதிவிட்டு வாருங்கள்.