வாழ்த்து அட்டைக்குள் இருக்கும் பேட்டரி காசு அல்ல

அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் விடுமுறை தொடங்கியதும், களியக்காவிளை முதல் மார்த்தாண்டம் வரையுள்ள எங்கள் கேரள எல்லைப் பகுதியில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலையும் ஸ்டார் ஒட்டும் வேலையும் தொடங்கிவிடும். பிள்ளைகள் தம் கையால் செய்ததைப் பெரியவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் அந்த நாட்களை நான் மிகவும் விரும்புகிறேன். ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவராகிய என்னிடம், அதே நாட்களில்தான் அந்தக் கைவேலைகளின் மிச்சங்கள் சிறு குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் வந்து சேர்கின்றன.

சென்ற கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, விடியற்காலையில் 2 வயதுக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. தண்ணீரைக் கூட விழுங்க முடியவில்லை. முந்தைய நாள் மாலை, அவனுடைய 9 வயது அக்கா செல்போனில் பார்த்தபடி, அட்டையைத் திறந்தால் விளக்கு எரியும் வாழ்த்து ஒன்றை அம்மச்சிக்காகச் செய்துகொண்டிருந்தாள். சிறு எல்.இ.டி. விளக்கு, செப்பு நாடா, செல்லோடேப், தட்டையான வட்டப் பேட்டரி ஆகியவையே அதற்குத் தேவை. இரவு 7 மணிக்கு ஒரு பேட்டரியைக் காணவில்லை. தம்பி வாயில் போட்டான் என்று அவள் சொன்னதும் வீட்டார் மட்டிப்பழம் ஊட்டினார்கள். பிறகு சோற்று உருண்டை கொடுத்தார்கள். காலையில் மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். ஏறத்தாழ 10 மணி நேரம் அந்தப் பேட்டரி அவனுடைய உணவுக்குழாயின் மேற்பகுதியில் சிக்கி இருந்தது. எடுத்துவிட்டோம். ஆனால் அது இருந்த இடம் கருகிப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவன் பல வாரங்கள் குழாய் வழியாகவே உணவு பெற வேண்டியிருந்தது.

இப்படி நான் பார்த்த முதல் குழந்தை இவன் அல்லன். ஒவ்வொரு முறையும் அதே வாழைப்பழம், அதே சோற்று உருண்டை, அதே ஒரு வாக்கியம்: "காசு முழுங்கினா போயிரும்லா டாக்டர், அதே மாதிரின்னு நினைச்சோம்."

தயவு செய்து இந்த நினைப்பை விட்டுவிடுங்கள். காசு என்பது வெறும் உலோகத் துண்டு. அது இரைப்பைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் கூட, எடுத்தாக வேண்டும் என்றாலும், நமக்குச் சற்று நேரம் இருக்கும். பேட்டரி அப்படிப்பட்டதல்ல. ஈரமான சதைமேல் பட்ட கணத்திலிருந்து அதிலிருந்து மின்சாரம் பாய்கிறது. அந்த இடத்தில் கடுமையான காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. இதற்கு 2 மணி நேரமே போதும். உறை உடையவில்லையே, உள்ளே இருக்கும் மருந்து கசியவில்லையே என்று சிலர் ஆறுதல் தேடுகிறார்கள். கசியாத பேட்டரிதான் இந்தக் குழந்தையின் தொண்டையைச் சுட்டது. தீர்ந்துபோன பேட்டரிதானே என்று வேறு சிலர் கேட்கிறார்கள். விளக்கை எரியவைக்கும் வலு அதில் இல்லாமல் போயிருக்கலாம்; சதையை எரிக்கும் வலு மிச்சம் இருக்கிறது. பழமும் சோறும் சிக்கிய பேட்டரியைத் தள்ளிவிடப் போவதில்லை; மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரின் கவலையை மட்டுமே அவை கூட்டும்.

வாழ்த்து அட்டைக்கு வாங்கும் பேட்டரியில் பெரும்பாலும் சிஆர் 2032 என்று பொறித்திருக்கும். 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனம், 3 வோல்ட் என்பது அதன் அளவு. ஏறத்தாழ ஒரு ரூபாய்க் காசின் அளவு; சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்குவதற்குப் போதுமான பெரியது. இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: எக்ஸ்ரேயில் வட்டமாகத் தெரிவதையெல்லாம் காசு என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்; பேட்டரிக்கு அடையாளமான இரட்டை வளையம் விளிம்பில் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டாலும், ஒரு பேட்டரி குறைகிறது என்றால், குழந்தை அதை விழுங்கிவிட்டதாகவே கொண்டு உடனே கிளம்புங்கள். எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், மூச்சில் கரகரப்பு ஆகியவை இருக்கலாம்; தொடக்கத்தில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். சளி பிடித்திருக்கிறது என்று மருந்து கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன், அதாவது சுமார் 10 மி.லி., அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம். மார்த்தாண்டம் தேன் இல்லாத வீடு நம் பக்கத்தில் அரிது. அந்தத் தேன் அரிப்பின் வேகத்தைக் குறைக்குமே ஒழிய பேட்டரியை எடுக்காது. தேன் தேடுவதற்காக ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. நாகர்கோவிலுக்குப் போவதா, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போவதா என்று வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்காமல், குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டபடியே வண்டியை எடுங்கள். பேட்டரியை எடுத்த பிறகும், அடுத்த சில வாரங்களில் வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் தெரிந்தால் அந்த நிமிடமே திரும்பி வர வேண்டும்.

மூக்கில் போன பேட்டரிக்கும் இதே அவசரம் பொருந்தும். அதில் சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள், ஈரம் சேரச் சேரப் புண் ஆழமாகும். குடிலுக்குள் பச்சை முளைப்பதற்காக எடுத்து வைக்கும் நெல்லும் பயறும், பனிக்காகத் தூவும் தெர்மாகோல் உருண்டைகளும் எங்களுக்குப் பழகிய விருந்தாளிகள். காதில் போன பயறுக்குத் தண்ணீரோ எண்ணெயோ ஊற்ற வேண்டாம். தண்ணீர் பட்டால் அது ஊறிப் பெருக்கும். கொண்டை ஊசியையும் பட்ஸையும் தொடவே வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பல மடங்கு பெருக்கும் ஜெல் மணிகளைச் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் வாங்காதீர்கள். குடலை அடைத்துக்கொள்ளும் அவை எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடிக்குப் பஞ்சு ஒட்ட சூப்பர் குளூவைப் பயன்படுத்தவும் வேண்டாம். அது பஞ்சில் பட்டால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

பிள்ளைகளின் கைவேலையையே நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் அதற்கு வேண்டியதெல்லாம் முற்றத்திலேயே கிடக்கிறது. தென்னங்குருத்தோலையில் கிளியும் பந்தும் பீப்பியும் செய்யத் தெரிந்த பாட்டாக்கள் இன்னும் இருக்கிறார்கள். விடுமுறையில் பேரப்பிள்ளைகளை அவர்களோடு உட்கார வையுங்கள். சிரட்டையை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து வண்ணம் பூசினால், மணிபிளான்ட் வைக்கும் சிறு தொட்டியாகும். துளை போடும் வேலை மட்டும் பெரியவருடையது. பனையோலைப் பெட்டிக்குள் வீட்டில் செய்த முந்திரிக்கொத்தை அடுக்கி, தன் கையெழுத்தில் பெயர் எழுதிக் கொடுத்தால் எந்த அம்மச்சிக்கும் அது போதும். ஸ்டாருக்கு மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் காய்ச்சிய மைதாப் பசையும் போதும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கத்தைப் பிள்ளைகள் தொடும் பசையில் செய்யாதீர்கள், அது நஞ்சு. விளக்கு கட்டாயம் வேண்டும் என்றால், மூடியைத் திருகாணியால் இறுக்கிய, பென்சில் பேட்டரி போடும் பெட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஊதினால் அணையாத அந்தச் சிறு மின் மெழுகுவத்திகளுக்குள்ளும் இதே வட்டப் பேட்டரி இருக்கிறது. மூடி எளிதில் கழல்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள் அக்காக்களுக்காகவும் அண்ணன்களுக்காகவும். அந்த 9 வயதுப் பிள்ளை மறைக்கவில்லை. காணவில்லை என்று தெரிந்த உடனேயே சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டு 7 மணிக்கே கிளம்பியிருந்தால், அவள் தம்பி மறுநாள் பால் குடித்திருப்பான். திட்டுவார்கள் என்று பயந்து காலைவரை சொல்லாமல் இருந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களை அடிப்பதால் அடுத்த முறை உண்மை இன்னும் தாமதமாகத்தான் வரும். அன்று அந்த 9 வயதுப் பிள்ளை, பேட்டரிகளைப் பதித்து விற்ற கடை அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதிலிருந்த ஐந்து பேட்டரிகளில் ஒன்று வாழ்த்து அட்டையில் விளக்கை எரித்துக்கொண்டிருந்தது, மூன்று மிச்சம் இருந்தன, ஒன்று இல்லை. அளவும் வகையும் எங்களுக்குத் தெரிந்தது அவள் கொண்டுவந்த அந்தக் கடை அட்டையிலிருந்துதான். நீங்களும் வரும்போது அதை எடுத்து வாருங்கள்.