ஹெட்லைட்டுக்குள் கருப்பு அடிக்கப் போகிறீர்களா?

ஹெட்லைட்டின் உள்பக்கத்துக்குக் கருப்பு அடிப்பதில் பெயிண்ட் வேலை கால்வாசிதான். மீதி முழுக்க முன்கண்ணாடியைப் பிரிப்பதும் திரும்ப ஒட்டுவதும். வீட்டில் செய்து கெட்டுப்போகும் லைட்டுகளில் பெயிண்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உள்ளே தண்ணீர் நிற்கும்.

எதில் அடிக்கலாம், எதில் கூடாது என்று முதலில் பார்த்துவிடுவோம். இப்போதைய கார்களில் 'கண்ணாடி' என்று நாம் சொல்லும் லென்ஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பின்னாலுள்ள கூடு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். இடையில் பளபளவென்று இரண்டு பாகங்கள் தெரியும். பல்பைச் சுற்றிக் கிண்ணம் போல இருப்பது ரிஃப்ளெக்டர். அதற்கு வெளியே அழகுக்காக இருக்கும் சட்டம் பெசல். பெயிண்ட் பெசலுக்கு மட்டும்தான். ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிடும். விரல் ரேகை பட்டால் கறையாகத் தங்கிவிடும். சில மாடல்களில் இரண்டும் ஒரே வார்ப்பாக இருக்கும். அப்படியென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள். டேப் ஒட்டி மறைத்து அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். டேப்பை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து உரியும்.

அடுத்தது லென்ஸையும் கூட்டையும் ஒட்டியிருக்கும் பசை. பியூட்டைல் பசை சூட்டில் இளகும். சில கம்பெனிகள் பாலியூரித்தேன் அல்லது சிலிக்கான் வகையைப் போடுகின்றன. அது ஒருமுறை இறுகினால் எவ்வளவு சூடு காட்டினாலும் இளகாது. லைட்டைக் கழற்றியதும் ஓரத்து இடுக்கில் சின்ன ஸ்க்ரூடிரைவரின் முனையை அழுத்திப் பாருங்கள். கருப்பாக, சூயிங்கம் போல நூலாக இழுபட்டால் பியூட்டைல். ரப்பர் போலத் துள்ளினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பிரிக்க வெட்டத்தான் வேண்டும்; பழக்கமில்லாத கைக்கு லென்ஸ் விளிம்பு உடைவது நிச்சயம். முதல்முறை செய்கிறவர்கள், சென்னையில் இருந்தால், புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய லைட் ஒன்றை வாங்கி அதில் கை பழகுவது நல்லது.

கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள். பல கார்களில் பம்பரை இறக்காமல் லைட் வராது. ஃபெண்டர் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் தப்பும். பல்பு, ரப்பர் மூடி, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் லெவலிங் மோட்டார், சுற்றியுள்ள ஸ்க்ரூக்கள் எல்லாம் வெளியே வர வேண்டும். கூட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் ஒரு ஸ்க்ரூவை விட்டுவிட்டு இழுத்து, லென்ஸ் காதை (ஸ்க்ரூ மாட்டும் நீட்சியை) உடைப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

சூடேற்றும் விஷயத்தில் வெளிநாட்டு வீடியோக்கள் ஓவனில் வைக்கச் சொல்லும். நம் வீட்டு ஓவனில் கார் லைட் நுழைவதே சிரமம். நுழைந்தாலும் சூட்டுக் கம்பி பிளாஸ்டிக்குக்கு மிக அருகில் வரும். சமையல் ஓவனைப் பசை நாற்றத்துக்குக் கொடுப்பது வேறு. ஹீட் கன்னே போதும். பசை இளக 90 முதல் 100 டிகிரி வேண்டும். பாலிகார்பனேட் 145 டிகிரி வாக்கில் தளரும், பாலிபுரோப்பிலீன் 160ஐ ஒட்டி உருகும். ஹீட் கன்னின் வாயிலோ, குறைந்த நிலையிலேயே 300 டிகிரி தாண்டலாம். ஆகவே 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் விளிம்பு முழுக்க ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மூலையில் பிரிய ஆரம்பித்ததும் அகலமான பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து நகருங்கள். வராத இடத்தில் பலத்தைக் கூட்டாதீர்கள், சூட்டைக் கூட்டுங்கள்.

பிரித்த பெசலை வெளியே எடுத்த பிறகே தேய்க்க வேண்டும். ரிஃப்ளெக்டருக்கு அருகில் உப்புத்தாள் போகக் கூடாது. 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கவும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் வேண்டவே வேண்டாம். லென்ஸில் ஒரு சொட்டு பட்டாலும் மயிரிழை வெடிப்புகள் ஓடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட், பிறகு சாட்டின் பிளாக் (லேசான பளபளப்புள்ள கருப்பு) மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 முதல் 15 நிமிடம். ஸ்ப்ரே கேனை 20, 25 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். இரண்டு பெசலுக்கும் ஒரு கேன் போதும். மழைநாளில் அடித்தால் பெயிண்ட் வெள்ளையாகப் பூக்கும்.

அவசரப்படுகிறவர்கள் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. தொட்டால் ஒட்டவில்லை என்றவுடன் மூடிவிடுவார்கள். பெயிண்டில் மிச்சமிருக்கும் கரைப்பான் பல்புச் சூட்டில் ஆவியாகி லென்ஸின் உள்பக்கம் புகைப்படலமாகப் படியும். மூன்று நாளாவது திறந்து வையுங்கள். முகர்ந்து பார்த்து வாசனை வந்தால் இன்னும் ஒரு நாள். உடைந்த காதை ஒட்ட உடனடிப் பசையை உள்ளே பயன்படுத்தினாலும் இதே கதிதான்: அதன் ஆவி வெள்ளைப் பொடியாகப் படியும். தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள். கம்ப்ரெசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும்.

மூடும்போது பழைய பசையைப் பள்ளத்திலிருந்து முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய பியூட்டைல் கயிற்றை ஒரே நீளமாக வைக்கவும். ஒரு லைட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் பிடிக்கும். இரு முனையும் சேரும் இடம் மேல்பக்கம் வரட்டும், 2 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். மறுபடி சூடேற்றி அழுத்தி, கிளிப், ஸ்க்ரூ எல்லாம் போட்டு, கிளாம்ப் பிடித்து ஆற விடுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைத் தொடாதீர்கள். இறுகும்போது அது விடும் அசிட்டிக் அமிலம் ரிஃப்ளெக்டரை அரிக்கும். 'ஈரம் போகக் கூடாது' என்று பின்பக்கத்துக் காற்றுக் குழாயை அடைப்பவர்களும் உண்டு. அது லைட் மூச்சு விடும் வழி; அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

மறுநாள் பல்பும் ரப்பர் மூடியும் மாட்டி, ஹோஸ் தண்ணீரைப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மெல்லிய பனி படிந்து, லைட் எரிந்த அரைமணியில் மறைந்தால் கவலையில்லை. துளியாக வழிந்தால் ஒட்டு சரியில்லை, திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

லென்ஸுக்கு வெளியே ஸ்மோக் ஸ்ப்ரே, கருப்பு ஃபிலிம் என்று போவதை இதோடு சேர்க்காதீர்கள். 60/55 வாட் எச்4 பல்பின் லோ பீம் ஏறக்குறைய 1,000 லூமன்தான். அதிலும் திரை போட்டால் மழையில் சாலை தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

பிரித்து மாட்டிய லைட்டின் பீம் நிச்சயம் நகர்ந்திருக்கும். சமதளத்தில், டயர் காற்று சரியாக இருக்க, சுவரிலிருந்து 5 மீட்டரில் காரை நிறுத்துங்கள். பல்பின் மைய உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 5 செ.மீ. கீழே லோ பீமின் மேல்விளிம்பு விழும்படி, பீமைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகுங்கள். கூட்டின் மேல் '1%' என்று அச்சிட்டிருந்தால் அது இந்தக் கணக்குதான். விளிம்பு இடதுபக்கம் மட்டும் மேலே ஏற வேண்டும். வலதுபக்கம் ஏறினால் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அப்படி இருந்தால், பல்பு ஹோல்டரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.