சீம்பால் கறந்த மாடு ஏன் எழமாட்டாமல் படுக்கிறது?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி: “மூணாம் ஈத்துல ஜெர்சி மாடு கன்னு போட்டு மறுநாளே படுத்துருச்சுங்க. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கிச்சு, காதெல்லாம் சில்லுனு ஆயிருச்சு. டாக்டர் வந்து கால்சியம் பாட்டில் ஏத்துனாருங்க, கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நின்னுருச்சு. கால்சியம் எலும்புக்குத்தானுங்களே, எப்படிங்க இது?”

இதன் பெயர் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்புச் சூடு பெரும்பாலும் குறைந்தே இருக்கும். அந்த மாட்டுக்கு எலும்பில் கோளாறு இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்ததால், நரம்பு இட்ட கட்டளை தசைக்குப் போய்ச் சேரவில்லை.

நரம்புச் செல்லுக்குள் பொட்டாசியம் மிகுதி, வெளியே சோடியம் மிகுதி. சவ்வில் உள்ள பம்ப், சுற்றுக்கு 3 சோடியம் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிவதால் உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக நிற்கும். இது −55 வரை ஏறினால் சோடியம் வாயில்கள் படாரெனத் திறக்கும். உட்புறம் +30-ஐத் தொடும். ஒரு மில்லிசெகண்டில் அவை மூட, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். அதற்குள் பக்கத்து வாயில்கள் திறந்திருக்கும். மோட்டார் ஒயரில் மின்சாரம் நீளவாக்கில் ஓடுகிறது; நரம்பில் அயனிகள் சவ்வைக் குறுக்கே கடக்கின்றன, அந்தக் கடத்தல் இடம் விட்டு இடம் நகர்கிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கணவாயின் தடித்த நரம்பில் இதை அளந்து 1952-ல் சமன்பாடாகவே எழுதினார்கள்.

நரம்பும் தசையும் ஒட்டியிருப்பதில்லை. நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. நரம்பில் ஓடிவந்த இந்த மின் துடிப்பு அதைத் தாண்டாது. அதன் வேலை நரம்பு முனையின் கால்சியம் வாயில்களைத் திறப்பதோடு முடிகிறது. முனைக்குள் கால்சியம் வெளியில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வாயில் திறந்ததும் பாய்ந்து வரும் கால்சியம், அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருள் அடைத்த நுண்பைகளைச் சவ்வோடு இணைத்து உடைக்கிறது. ஒரு பைக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். அவை தசைச் சவ்வின் வாயில்களைத் திறக்க, தசை தன் சொந்தத் துடிப்பைத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் மாடு விழுகிறது. பை உடைய ஒரு கால்சியம் அயனி போதாது, நான்கு போல ஒன்றுசேர வேண்டும். சாமி சப்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நான்கு முனைக்கும் தோள் கிடைத்தால்தான் எழும். ஒவ்வொரு முனைக்கும் ஆள் கிடைக்கும் வாய்ப்பு பாதியானால், நான்கும் ஒருசேரக் கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. 1967-ல் டாட்ஜ், ரஹாமிமாஃப் என்ற ஆய்வாளர்கள் தவளைத் தசையில், கால்சியம் குறைவான கரைசலில், கண்ட உறவு இதுதான். மாட்டில் எண் அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு அதுவே. தவளைக் காலைத் துடிக்கவைப்பதற்கு எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள் ஒருமுறை மாட்டுத் தொழுவத்துக்கு வந்து பார்க்கட்டும்.

இனி சீம்பால் கணக்கு. லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம் கால்சியம். 10 லிட்டர் கறந்தால் 23 கிராம். மாட்டின் ரத்த நீர் முழுவதிலும் இருப்பது 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் வேகமாக ஈடுகட்டியாக வேண்டும்; மூன்றாம் ஈற்றிலிருந்து அந்த வேகம் குறையும். காங்கேயம் மாடு கறப்பது கொஞ்சம், அதனால் அதற்கு இது அரிது. உரம் நிறையப் போட்டு வளர்த்த கோ-4 தீவனப்புல்லில் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தைக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) பக்கம் தள்ளி, எலும்புக்குப் போகும் ஹார்மோன் கட்டளையை மழுங்கடிக்கும். ஈற்றுக்கு முந்தைய மூன்று வாரம் அதைக் குறைத்துச் சோளத்தட்டைக் கூட்டுவது நல்லது. அந்த நாட்களில் கால்சியத்தை அள்ளிக் கொடுப்பதும் தவறு. இழுத்தெடுக்கும் பழக்கம் உடலுக்கு விட்டுப்போகும்.

மனிதருக்குக் கால்சியம் குறைந்தால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும், ஏனென்றால் சோடியம் வாயில்கள் சிறு தூண்டலுக்கே திறந்துவிடும். மாட்டிலும் முதலில் நடுக்கம் உண்டு. ஆனால் அதன் நரம்பு–தசைச் சந்திப்பு சீக்கிரமே கைவிட்டுவிடுவதால் நடுக்கம் தளர்ச்சியாகிறது.

450 மில்லி பாட்டிலில் 8 முதல் 9 கிராம் கால்சியம் இருக்கும், அதாவது ரத்த நீரில் உள்ளதைப்போல மூன்று மடங்கு. இதயத்தசை ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கால்சியம் வாங்குவது. வேகமாக ஏற்றினால் தாளம் தவறி நின்றே போகும். அதனால்தான் டாக்டர் பாட்டிலை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இதயத்தைக் கேட்டபடி 15–20 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ஏப்பம் வரும், சாணி போடும், மூக்கில் வியர்வை அரும்பும்: குடலின் தசையும் விழித்துவிட்டது என்று பொருள். சில மாடுகள் ஒரு நாளுக்குள் மறுபடி படுக்கும். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள்.

கண்ணு பட்டுவிட்டது என்று மிளகாய் உப்பு சுற்றிப் போட்டுக் காத்திருப்பது எனக்கு வேதனை தருகிறது. மாட்டின் எடை முழுதும் அடியில் மாட்டிய தொடைமேல் இருக்கிறது. சில மணி நேரத்தில் அந்தத் தசை நசுங்கிச் சாகத் தொடங்கும், பிறகு எத்தனை பாட்டில் ஏற்றினாலும் எழாது. டாக்டர் வரும்வரை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டை அண்டை கொடுத்து, அவ்வப்போது பக்கம் மாற்றுங்கள். வாயில் கஞ்சியோ கஷாயமோ ஊற்ற வேண்டாம். விழுங்குவதும் தசைதான், ஊற்றியது நுரையீரலுக்குப் போகும்.