சினைப்பை டெர்மாய்ட் கட்டி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கவனிக்க வேண்டியவை

ஸ்கேன் அறிக்கையில் ‘டெர்மாய்ட்’ என்று எழுதியிருந்தாலும் வீட்டில் அதை ‘நீர்க்கட்டி’ என்றே சொல்லி, மாத்திரையில் கரைந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் பலர். இது அந்த வகை அன்று. கருமுட்டையாக வேண்டிய உயிரணு தானே பெருகி உண்டாகும் டெரடோமா இது. உள்ளே நெய்போன்ற கொழுப்பும் சுருண்ட முடியும், சில வேளை பல்லும் இருக்கும். (முடியைக் கண்டு செய்வினை என்று பேசும் உறவினர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.) பெரும்பாலும் புற்றுநோயல்லாத கட்டிதான் என்றாலும், மருந்தில் கரையாது, சிறியதாயின் மருத்துவர் கண்காணித்து வருவார், வளர்ந்தால் அறுவை சிகிச்சைதான். இளம்பெண்களுக்குச் சினைப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுப்பதே பொதுவான முறை.

சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கும் சிகிச்சை உண்டு. தனியார் மருத்துவமனைக்குச் செல்வோருக்குத்தான் அட்டை இன்றியமையாதது. 2012 ஜனவரி 11 அன்று தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் சென்னையில் வசிப்போர் ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம்.

சிக்கல் பெரும்பாலும் குடும்ப அட்டையில்தான் எழுகிறது. இந்தக் கட்டி அதிகம் காணப்படுவது இருபது, முப்பது வயதுப் பெண்களிடம். திட்டமோ, பெற்றோரைச் சார்ந்துள்ள பிள்ளைகளை வேலை, திருமணம், 25 வயது ஆகியவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை மட்டுமே குடும்பத்தினராகக் கொள்கிறது. மணமாகிச் சென்ற மகளின் பெயர் தந்தையின் குடும்ப அட்டையில் நீக்கப்பட்டு, கணவரின் அட்டையில் இன்னும் சேர்க்கப்படாதிருக்கும் இடைவெளியில் அறுவை சிகிச்சைத் தேதி குறிக்கப்பட்டால், இரு வீட்டாரிடமும் காப்பீடு இருந்தும் அவருக்குப் பயன்படாமல் போகலாம். ஆதலால் ஸ்கேன் முடிவு வந்தவுடனே பெயர் சேர்ப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அன்று இது. திட்டப் பட்டியலிலுள்ள மருத்துவமனை ஸ்கேன் அறிக்கையை அனுப்பி முன் அனுமதி பெற்ற பிறகே கட்டணமில்லாச் சிகிச்சை நடைபெறும் என்பதால், சேரும் அன்றே அட்டையைக் காட்ட வேண்டும். உங்கள் மருத்துவமனையும் உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை சிகிச்சையும் பட்டியலில் உள்ளனவா என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

திடீரெனக் கடுமையான அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது அட்டையைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். முறுக்கை விரைவில் நீக்கினால்தான் சினைப்பையைக் காக்க வாய்ப்புண்டு.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின், எடுத்த கட்டியின் பயாப்சி முடிவைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம். அரிதாக அது புற்றுநோய்த் தன்மையுள்ள ‘முதிராத டெரடோமா’ எனத் தெரியவந்தால், கீமோதெரபி தேவையா என்பதை அந்த அறிக்கையைக் கொண்டே முடிவு செய்வார்கள்.